மின்தடைக் காலத்தில் வீட்டு ஜெனரேட்டர்: முதலில் கொட்டகை, பிறகு யந்திரம்

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவரின் அபிப்பிராயம்)

ஐப்பசியும் கார்த்திகையும் நமது கடலோர ஜில்லாக்களுக்கு மழை மாதங்கள் மட்டுமல்ல, புயல் மாதங்களும் ஆகும். வயல் வேலைகள் ஒருங்கே வந்து குவியும் இக்காலத்தில், காற்றும் மழையும் சேர்ந்து மின்சாரக் கம்பங்களைச் சாய்த்துவிடுமானால் கிராமத்தின் அன்றாட வாழ்க்கை எவ்வாறு நிலைகுலைந்து போகிறது என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கடலூர்ப் பக்கம் கரை கடந்த தானே புயலையும், 2016 டிசம்பர் 12-ந் தேதி சென்னையைத் தாக்கிய வர்தா புயலையும், 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலையும் அவற்றின் வழியில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கஜாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்த கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் இரவுகள் இருளாகவே கழிந்தன.

அந்த அநுபவத்தின் பயனாக, கொஞ்சம் வசதியுள்ள குடியானவர் வீடுகளில் இப்பொழுது சிறிய ஜெனரேட்டர் யந்திரங்கள் இடம்பெற்று வருகின்றன. இது குற்றமன்று, முன்யோசனையே ஆகும். ஆயினும் யந்திரத்தை வாங்குகிறவர்களில் அநேகர் அதை எங்கே நிறுத்தி ஓட்டப் போகிறோம் என்பதை வாங்கும் சமயத்தில் யோசிப்பதில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன். இதைப்பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். வீட்டுக்கு வெளியே, வீட்டைவிட்டு விலகி, மழை படாத ஓர் இடத்தை முன்கூட்டி அமைத்துக்கொள்ளாதவர் ஜெனரேட்டரை வாங்கவே வேண்டாம் என்பது என்னுடைய அபிப்பிராயம். இது கடுமையான பேச்சாகத் தோன்றலாம். நானே பட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன்.

பழைய காலமும் புதிய காலமும்

நம் பாட்டனார் காலத்தில் ஏற்றமும் கவலையும் தண்ணீர் இறைத்தன. ஆமணக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் விளக்கெரித்தன. புயல் வந்தால் கூரை போகும், மாடு போகும். ஆனால் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் சேந்துவதை எந்தப் புயலும் தடுத்ததில்லை. 1932-ல் பைக்காராவும், 1937-ல் மேட்டூரும், 1944-ல் பாபநாசமும் மின்சாரத்தைக் கொடுக்கத் தொடங்கிய பின், பம்பு செட்டு கிராமத்துக்கு வந்தது. மாடுகளின் கழுத்து நுகத்தடியினின்றும் விடுபட்டது. அது பெரிய நன்மை. ஆனால் அந்த நன்மையோடு ஒரு பராதீனமும் வந்து சேர்ந்தது. இன்று ஆழ்குழாய்க் கிணற்றில் வாளி இறங்காது. மேல்நிலைத் தொட்டி வறண்டால் ஊரே வறளும். கோழிக்குஞ்சுக் கொட்டகையில் விளக்குச் சூடு நின்றால் குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். கறந்த பால் குளிராவிட்டால் மறுநாள் சொஸைட்டியில் எடுக்கமாட்டார்கள். ஆகையால் மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வேண்டுமென்பதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. அந்த ஏற்பாடு வீட்டிலுள்ளோரின் உயிருக்கு உலை வைப்பதாக இருக்கக்கூடாது என்பதே என் கவலை.

என் வீட்டில் நடந்தது

கஜா புயலுக்குப்பின் மூன்றாம் நாள் இரவு. என் வீட்டில் சிநேகிதர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. திருட்டுப் பயம் வேறு. ஆகையால் அதைத் தெருத் திண்ணையை அடுத்த ரேழியில் நிறுத்தி, வாசற்கதவைப் பாதி திறந்து வைத்து ஓட்டினேன். தெருவிலுள்ளோர் கைபேசிகளுக்குச் சக்தி ஏற்றிக்கொள்ள வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ரேழிக்கு அடுத்த காமராவில் என் தாயார் படுத்திருந்தார்கள்.

ஒரு மணி நேரத்திற்குப் பின் தாயாருக்குத் தலைவலி கண்டது. பிறகு இரண்டு முறை வாந்தி. நாள்பூராவும் மழையில் நனைந்ததால் பித்தம் கிளம்பியிருக்கும் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைக்கச் சொன்னேன். ரேழி மாடத்தில் காமாட்சி விளக்கு அசையாமல் நின்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, 'காற்று நன்றாகத்தான் இருக்கிறது' என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அச்சமயம் கைபேசியை எடுத்துப் போக வந்த கிராம நர்ஸ் அம்மாள் தாயாரின் முகத்தைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சுரமில்லை. உடனே என்னைப் பார்த்து, "ஐயா, முதலில் இந்த யந்திரத்தை நிறுத்துங்கள், அம்மாவைத் தெருவுக்குத் தூக்கி வாருங்கள்" என்றார். தூறலையும் பொருட்படுத்தாமல் தாயாரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தோம். ஒரு டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுத்த பின் விடியற்காலையில் தெளிவு வந்தது. அந்த நர்ஸ் அம்மாள் அரைமணி நேரம் தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் மனம் அஞ்சுகிறது. ஊராருக்கு யந்திரங்களைப்பற்றிப் புத்தி சொல்லுவதையே தொழிலாகக் கொண்ட என் வீட்டிலேயே இது நடந்தது.

விளக்குச் சோதனை ஏன் உதவாது?

நம் நாட்டுக் குடியானவர்கள் எஞ்சின் புகையின் கொடுமையை அறியாதவர்கள் அல்லர். கிணற்று நீர் கீழே போய்விட்ட கோடையில், பம்பு இருபது, இருபத்தைந்து அடி ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதற்காக ஆயில் எஞ்சினையே கிணற்றின் உள்மேடைக்கு இறக்கி ஓட்டியதுண்டு. ஓடுகிற எஞ்சினைப் பார்க்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும், இருவரையும் தேடி இறங்கியவருமாக ஒரே குடும்பத்தில் மூவர் மாண்ட துயரச் செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். இதற்காகத்தான் பெரியோர்கள் கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். விளக்கு அணைந்தால் இறங்கலாகாது.

இச்சோதனை கரியமில வாயு தேங்கிப் பிராணவாயு குறைந்துபோன கிணற்றுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் பெட்ரோல் எஞ்சினின் புகையில் வருகிற முக்கிய விஷம் கரியமில வாயு அன்று. கார்பன் மானாக்சைட் என்னும் வேறொரு வாயு. எரிபொருள் பூரணமாக எரியாதபோது இது உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணிலும் மூக்கிலும் எரிச்சல் உண்டாக்குவதுமில்லை. காற்றில் 10,000 பங்குக்கு 16 பங்கு கலந்தாலே இருபது நிமிஷத்தில் தலைவலியும், ஒரு மணி நேர அளவில் உயிருக்கே ஆபத்தும் உண்டாகும். அவ்வளவு கலந்த காற்றிலும் பிராணவாயு ஏறக்குறைய முன்போலவே இருப்பதால், விளக்கு நின்று எரியும். மனிதன் மட்டும் மயங்கி விழுவான். என் வீட்டுக் காமாட்சி விளக்கு என்னை ஏமாற்றியது இவ்விதமே.

இதன் காரணத்தையும் அறிந்துகொள்ளுவது நலம். நம் ரத்தத்தில் செந்நிறமான ஹீமோகுளோபின் என்ற பொருள் பிராணவாயுவை ஏந்தி உடல் முழுவதும் கொண்டு செல்லுகிறது. கார்பன் மானாக்சைட் வாயு அப்பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளுகிறது. ஆகையால் சிறிதளவு வாயுவும், நேரம் செல்லச் செல்ல, ரத்தத்தில் பிராணவாயுவுக்கு உரிய இடத்தை அபகரித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி, புத்தித் தடுமாற்றம் என்பன குறிகள். சுரமில்லாமல் வீட்டில் பலருக்கும் ஒரே சமயத்தில் இக்குறிகள் கண்டால் யந்திரத்தையே சந்தேகிக்க வேண்டும். உறங்குகிறவருக்கு இக்குறிகள் தெரியவும் மாட்டா. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். குழந்தைகளும், கர்ப்பிணிகளும், முதியோரும், இருதய நோயுள்ளவர்களும் மற்றவர்களுக்கு முன் துன்புறுவார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் இதே கதிதான். ஆகவே, 'வீட்டில் வேண்டாம், தொழுவத்தில் வைக்கலாம்' என்பதும் தவறு.

டீசல் எஞ்சினில் இவ்வாயு குறைவாகவே உண்டாகும் என்று சிலர் சொல்லுவார்கள். அது வாஸ்தவம். ஆயினும் குறைவு என்பது இல்லை என்பதாகாது. அடைத்த இடத்தில் டீசல் புகையும் கொல்லும்.

'இது படிப்பில்லாத ஊரில் நடக்கிற சங்கதி' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் 2021 பிப்ரவரியில் வழக்கத்துக்கு மாறான உறைபனி விழுந்து, லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றது. குளிர் தாங்காமல் ஜனங்கள் ஜெனரேட்டர்களையும் கரியடுப்புகளையும் வீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். சிலர் மூடிய கொட்டகையில் மோட்டார் காரை ஓட்டி அதன் வெப்பத்தில் குளிர் காய்ந்தார்கள். அந்த மாகாண அரசாங்கம் கணக்கெடுத்த 246 மரணங்களில் 19 இந்த வாயுவால் நேர்ந்தவை. அங்கே பனி, இங்கே மழை. எங்கும் மனிதனின் எண்ணம் ஒன்றுதான்: வெளியே பொழுது பொல்லாதது, ஆகையால் யந்திரத்தையும் உள்ளே அழைத்துக்கொள்ளுவோம் என்பது.

கொட்டகை அமைக்கும் விதம்

யந்திரத்தை உள்ளே கொண்டுவருகிறவர் மூன்று காரணங்கள் சொல்லுகிறார். மழை, திருட்டு, கம்பிச் செலவு என்பன அவை. இவை பொய்க் காரணங்கள் அல்ல. மழையில் நனைந்த ஜெனரேட்டர் மின்சாரம் பாய்ச்சி ஆளைக் கொல்லும் என்பதும் உண்மையே. ஆகையால், 'வெளியே வை' என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. வெளியே வைக்கத்தக்க இடத்தைக் காட்டவும் வேண்டும்.

வீட்டின் எந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் குறைந்தது 20 அடி தூரத்தில் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். 25 அடியானால் இன்னும் உத்தமம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நமக்கு வீசுவது பெரும்பாலும் வாடைக்காற்று. அது வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவதால், யந்திரம் வீட்டுக்குத் தெற்கிலாவது தென்மேற்கிலாவது இருந்தால் புகை வீட்டை நாடி வராது. அக்கினி மூலையில்தான் வைப்பேன் என்பவர் அவ்வாறே வைக்கட்டும். தூரத்தை மட்டும் குறைக்க வேண்டாம். அந்தத் திசையில் அடுத்த வீட்டாரின் ஜன்னல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் புகை அவர் வீட்டுக் குழந்தையின் மூச்சாகக்கூடாது.

வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலாக, சுமார் ஒன்றரை அடி உயரச் செங்கல் மேடை ஒன்று கட்டி, நான்கு கால் நட்டுத் தகரக் கூரை போடலாம். கீற்றுக் கூரை வேண்டாம். சைலென்ஸரின் சூட்டில் பற்றிக்கொள்ளும். நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். சாரல் அடிக்கும் வடபக்கம் மாத்திரம் இடுப்பளவுத் தட்டி போதும். கூரை மேடையைத் தாண்டி மூன்றடி நீண்டிருந்தால் சாரல் யந்திரத்தின்மேல் படாது. மேடையில் ஓர் இரும்பு வளையத்தைக் காரையில் பதித்து, யந்திரத்தைச் சங்கிலியால் பூட்டினால் திருட்டுப் பயம் தீர்ந்தது. இரண்டு கிலோவாட் யந்திரத்துக்கு மழை தாங்கும் உறையிட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மேடை, தகரம், சங்கிலி, கம்பி எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகையன்று. அத்தொகை கையில் இல்லையென்றால், யந்திரத்தின் விலையும் கையில் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

புயல் வீசுகிற இரவில் யந்திரத்தை ஓட்டவே வேண்டாம். அன்றிரவுக்கு டார்ச் விளக்கும், பானையில் பிடித்து வைத்த தண்ணீரும் போதும். காற்று ஓய்ந்து, கூரையையும் கம்பியையும் பகலில் பரிசோதித்த பிறகே முடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாது. நிறுத்திக் கால்மணி நேரம் ஆறவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்திலுள்ள அடுப்பையும் எட்டிவிடும். கார்பன் மானாக்சைட் வாயுவைக் கண்டு மணியடிக்கும் சிறு கருவிகள் விற்கின்றன; வாங்கிப் படுக்கையறையில் மாட்டுவது நலம். ஆனால் காவலுக்கு நாய் இருக்கிறதென்று கதவைத் திறந்துவிட்டுத் தூங்குவோர் உண்டோ? கருவி இருக்கிறதென்று யந்திரத்தை ரேழிக்குக் கொண்டுவருவதும் அவ்விதமே.

கம்பத்தின் மேல் ஏறியிருப்பவர்

இனி, நம் கண்ணுக்குத் தெரியாத மற்றொருவரின் உயிரைப்பற்றியும் சொல்ல வேண்டும். ஜெனரேட்டர் மின்சாரத்தை வீட்டுக்குள் கொடுக்கச் சிலர் ஒரு சுலப வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய கம்பியொன்றின் ஒரு முனையை யந்திரத்திலும், மறுமுனையை வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துளையிலும் செருகிவிடுவார்கள். வீடு முழுவதும் விளக்கெரியும். ஆனால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. மெயின் ஸ்விட்ச் மூடப்படாமலிருந்தால், மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும், அதிலிருந்து டிரான்ஸ்பார்மருக்கும் செல்லும். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குரிய 230 வோல்ட்டாகத் தருவது போலவே, மறுபக்கமிருந்து 230 வோல்ட் புகுந்தால் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தியும் தரும். அங்கே, மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பியைக் கையால் பற்றியிருக்கும் லைன்மேனின் கதி என்ன?

கஜாவுக்குப்பின் பிற ஜில்லாக்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள், இடுப்பளவு தண்ணீரில் மின்கம்பங்களைத் தோளில் சுமந்து வயலுக்குள் நடந்ததை நாம் பார்த்தோம். அவர்களுக்கு மோர் கொடுத்தோம், சோறு போட்டோம். அவ்வாறு உபசரித்த கையாலேயே அவர்களைக் கொல்லும் கம்பியைச் சுவரில் செருகலாமா? இதற்குப் பரிகாரம் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் என்னும் எளிய சாதனம். அது தெருக் கம்பியையாவது ஜெனரேட்டரையாவது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும். இரண்டையும் சேர்த்து வைக்க அதனால் இயலாது. லைசென்ஸ் பெற்ற வயர்மேனைக் கொண்டு அதைப் பொருத்தி, யந்திரத்துக்கு எர்த்தும் போட்டுக்கொள்ள வேண்டும். அது இல்லாதவரையில், வேண்டிய சாமான்களை நேரே யந்திரத்திலுள்ள பிளக் துளைகளில் மாட்டிக்கொள்ளுவதே முறை.

எவ்வளவு பெரிய யந்திரம் வேண்டும்?

தேவையை அறியாமல் வாங்குவதும் நஷ்டமே. ஐந்து எல்.இ.டி. விளக்குகளுக்கு ஒன்று 9 வாட் வீதம் 45, இரண்டு மின்விசிறிகளுக்கு 150, நான்கு கைபேசிகளுக்கு 40, ஆக 235 வாட். குளிர்பெட்டிக்கு மேலும் 200 வைத்துக்கொண்டாலும், அது முடுக்கும் கணத்தில் இழுக்கும் அதிக மின்சாரத்தையும் சேர்த்து, ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட யந்திரம் போதும். குளிர்பெட்டியை நாள்முழுவதும் ஓட்ட வேண்டியதில்லை. கதவைத் திறவாமல் வைத்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். ஒரு குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் இழுத்தாலும், புறப்படும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். அதற்கு மூன்று கிலோவாட் யந்திரமாவது வேண்டும். முதலில் மோட்டாரை முடுக்கி, பிறகு விளக்குகளைப் போடுவது நல்ல வழக்கம். வயலிலுள்ள மூன்று பேஸ் மோட்டாரை வீட்டு ஜெனரேட்டரில் ஓட்ட நினைப்பது வீண் ஆசை.

விளக்கும் கைபேசியும் மட்டுமே தேவையென்றால் ஜெனரேட்டரே வேண்டியதில்லை என்பேன். பாட்டரியோடு கூடிய இன்வெர்ட்டரும், சூரிய விளக்கும் சத்தமின்றி, புகையின்றி, பெட்ரோலுக்கு வரிசையில் நிற்க வேண்டாமல் அவ்வேலையைச் செய்யும். தண்ணீர், குளிர்ச்சி, குஞ்சுகளின் வெப்பம் ஆகிய மூன்றுக்கே எஞ்சினை நாட வேண்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொரு யோசனையும் தோன்றுகிறது. தெருவுக்குப் பத்து வீட்டில் பத்துச் சிறு யந்திரங்கள், பத்துத் திண்ணைகளில் புகைவிடுவதைவிட, கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக, டிராக்டர் இழுத்துச் சென்று டிராக்டராலேயே சுழற்றக்கூடிய பெரிய ஜெனரேட்டர் ஒன்று இருப்பது மேல். அது காலையில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பும். பகலில் பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போகும். மாலையில் கோழிப்பண்ணைக்கு வரும். 'பொதுச் சொத்தைக் கவனிப்பவர் யார்? புயலன்று அது துருப்பிடித்துக் கிடக்கும்' என்று சொல்லுவோர் உண்டு. அந்த ஆக்ஷேபம் நியாயமானதே. ஆனால் தனி வீட்டு யந்திரம் மட்டும் ஒழுங்காகக் கவனிக்கப்படுகிறதா? புயல் ஓய்ந்ததும் மூலையில் தள்ளி, மிஞ்சிய பெட்ரோலை டாங்கியிலேயே விட்டுவிடுகிறோம். அது பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளுகிறது. தனியாராயினும் சங்கமாயினும் மாதம் ஒரு முறை இருபது நிமிஷம் சுமை ஏற்றி ஓட்டுவதும், ஆவணியில் எண்ணெய் மாற்றுவதும், வேலை முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிடுவதும் அவசியம். பாசனக் கால்வாய்க்கு முறை வைத்துக் காவல் காத்த நம் கிராமங்களுக்கு ஒரு யந்திரத்துக்கு முறை வைக்கத் தெரியாமற் போகாது.

முடிவாக

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒருவர் புகையால் மயங்கினால், முதலில் யந்திரத்தை நிறுத்திக் கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். உள்ளே போகிறவர் மூச்சையடக்கிச் சென்று, விழுந்தவரை உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவர வேண்டும். மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். மோரும், எலுமிச்சைச் சாறும், கஷாயமும் கொடுத்துக் காலம் போக்கலாகாது. நான் செய்த தவறு அதுவே. 108-க்குச் சொல்லி, பிராணவாயு உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாது.

நான் விவசாய டிப்ளமா பெற்றவனேயன்றி மின்சார எஞ்சினியர் அல்லன். ஆயினும் புதிய சாதனம் எதுவும் கிராமத்துக்கு வரும்போது, அதன் பயனோடு அதன் அபாயத்தையும் சேர்த்துச் சொல்லுவது எங்கள் உத்தியோகத்தின் கடமை என்று நம்புகிறேன். பூச்சிமருந்து கொடுக்கும்போது கையுறையைப்பற்றியும் சொல்லுகிறோம் அல்லவா?

என் வீட்டுக் கொல்லையில் இப்பொழுது மேடையும் தகரக் கூரையும் இருக்கின்றன. அவை கட்டி முடிந்து ஆறு மாதம் கழித்தே சொந்தமாக யந்திரம் ஒன்று வாங்கினேன். மின்சாரம் நிற்கும் இரவுகளில் அது கொல்லையில் ஓடுகிறது. சத்தம் மட்டும் வீட்டுக்குள் கேட்கிறது. என் தாயார் பழைய காமராவிலேயே ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறார்கள். இவ்வருஷம் ஜெனரேட்டர் வாங்க எண்ணியிருக்கும் குடியானவ அன்பர்கள், கடைக்குப் போகுமுன் கொல்லைக்குப் போய், ஜன்னலிலிருந்து 20 அடி அளந்து, அங்கே ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டுப் புறப்படுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.